வியேரா முஸ்லிமாகிப்போன வெள்ளிக்கிழமை

தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள் என்று சேதி வந்தால், எங்கள் ஓல்ஷினி கிராமத்தில் முதலில் பெட்டியை விட்டு வெளியே வருவது பெகீருடைய கறுப்பு ஆட்டுத்தோல் தொப்பிதான். உலகத்தின் எந்த மூலையில் எவன் குண்டு வைத்தாலும் சரி, மறுநாள் மத்தியானத்துக்குள் தலைநகர் வார்சாவிலிருந்து ஒரு வண்டி வந்து எங்கள் பச்சைப் பலகைப் பள்ளிவாசல் முன்னால் நின்றுவிடும். குண்டு வைத்தவனுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கக் கூடாது. வந்தவர்களுக்கு டீ கொடுக்க வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பெகீர் பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்கிறவர். அறுபத்தொன்பது வயது, முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் கேமரா விளக்கு எரிந்தால் போதும், மனுஷன் நிமிர்ந்துவிடுவார். "நாங்கள் தத்தார்கள். முன்னூறு வருஷத்துக்கு மேலாக இந்த மண்ணில் வாழ்கிறோம். எங்கள் குதிரைப்படைக்குச் சம்பளத்துக்குப் பதிலாக அரசரே இந்த நிலத்தைக் கொடுத்தார். எல்லாப் போரிலும் போலந்துக்காகவே வாள் பிடித்தோம். நடந்ததை வன்மையாகக் கண்டிக்கிறோம்." இதில் பத்து விநாடியைக் காட்டுவார்கள். அப்புறம் ஸ்டுடியோவில் நாலு பேர் உட்கார்ந்து முஸ்லிம்களைப் பற்றி முக்கால் மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அந்த நாலு பேரில் மருந்துக்குக்கூட ஒரு முஸ்லிம் இருக்கமாட்டான்.

ஊரில் தத்தார் முஸ்லிம் வீடுகள் ஏழே ஏழு. ஏழு வீட்டிலும் பால் பல் விழாத பிள்ளைக்குக்கூட இந்த அரசர் கதை தலைகீழாகத் தெரியும். அந்நியர் முன்னால் வாயைத் திறந்தால் முதலில் அரசர் வந்துதான் ஆக வேண்டும். எங்களிடம் இருக்கும் பெரிய வியாதி அது.

பெகீரின் தங்கை தமாராவுக்கு அந்த வியாதி இல்லை என்றுதான் ஊரே நினைத்திருந்தது. முப்பது வருஷமாக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு கிராமத்துக் கன்றுக்குட்டிகளுக்கு அவள்தான் காரணம். குட்டையாக வெட்டிச் செம்பட்டைச் சாயம் அடித்த தலை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், எவனையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிற வாய். கணவன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் ஒருத்தி, ஜெமீலா, வார்சாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள்.

அந்த மகள்தான் தமாராவின் நெஞ்சில் தைத்த முள். பதினாலு வயதிலேயே, மாமா தொலைக்காட்சியில் வந்தால் எழுந்துபோய் அணைத்துவிடுவாள். "மாமா ஏம்மா எப்பப் பாத்தாலும் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரியே பேசுறாரு? நம்ம ஆளு ஒருத்தராவது, ஒரே ஒரு தடவையாவது, சாதாரண மனுஷங்க மாதிரி டிவியில பேச மாட்டாங்களா?" என்பாள். தமாராவுக்கு அப்போது சிரிப்பு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மகளின் அலுவலகத்துக்குப் போன் செய்தபோதுதான் சிரிப்பு நின்றது. எடுத்தவர்கள், "ஜெமீலாவா? அப்படி யாரும் இல்லையே. ஓ, மிலாவா? இருங்க" என்றார்கள்.

மகள் அங்கே மிலா. பேரை வெட்டியது மட்டும் இல்லை, தான் யார், எந்த ஊர், என்ன மதம் என்று ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. தமாரா வழக்கம்போல யோசிக்காமல் வாயை விட்டாள். "உங்கப்பா வச்ச பேருக்கு வெக்கப்படுறவ இந்த வீட்டுக்கு எதுக்குடி வரணும்?" கோபத்தில் சொன்னது, கோபம் தணிந்தால் போய்விடும் என்று நினைத்தாள். மகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷம், ஆறு பெருநாள், வாசல்படி மிதிக்கவில்லை. மாதம் ஒரு முறை போன் வரும். அங்கே மழையா, இங்கே பனியா, உடம்பு பரவாயில்லையா, சரி வைக்கிறேன். வா என்று கூப்பிடத் தமாராவுக்கு நாக்கு எழவில்லை. தப்பு தன்மேல்தான் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது ரொம்பக் கஷ்டம்.

இந்த வருஷம் நோன்பு மாதத்தில் ஒருநாள் தொலைக்காட்சியிலிருந்து ஒலிவியா என்றொரு பெண் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை விவாதத்துக்கு ஒரு படத்தொகுப்பு வேண்டுமாம், இந்தத் தடவை ஒரு முஸ்லிம் பெண் பேசினால் நன்றாக இருக்குமாம். பெகீர் தொப்பியை மறுபடி பெட்டியில் வைத்துவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். தமாராவோ போனை வைத்ததும் நேராக எதிர் வீட்டு வியேராவிடம்தான் ஓடினாள்.

"அந்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி இருக்கே, ஜெமீலா அதை விடாம பார்ப்பா. சின்ன வயசிலேருந்து திட்டிக்கிட்டே பார்ப்பா. நான் அதுல சாதாரணமா பேசப்போறேன். என் வேலையைப் பத்தி, மாட்டைப் பத்தி, நம்ம ஊரைப் பத்தி. அவ பாக்கணும். பாத்துட்டு பெருநாளைக்கு வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான்டி எனக்கு வேணும்."

வியேராவும் தமாராவும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். வியேரா ஆர்த்தடாக்ஸ் சர்ச்சுக்குப் போகிறவள், ஒரு ஞாயிறு தவறமாட்டாள். கொல்லைப்புறம் பள்ளிவாசலை ஒட்டி இருப்பதாலும், பெகீரின் முழங்கால் பொய்த்துப்போனதாலும், பள்ளிவாசல் சாவி பத்து வருஷமாக அவளுடைய ஏப்ரன் பையில்தான் கிடக்கிறது. வியாழக்கிழமைதோறும் போய் விரிப்பை உதறி, தரையைத் துடைத்து, அடுப்பை மூட்டி, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் சூடேற்றி வைப்பாள். யாரும் அவளைக் கேட்டுக்கொள்ளவில்லை, அவளும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏழு நாள் ஒத்திகை நடந்தது. வியேரா சூப்புக் கரண்டியை மைக் மாதிரி நீட்டுவாள். "உங்க பேரென்ன மேடம்?" தமாரா கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். "எம்பேரு தமாரா. நான் மாட்டுக்குச் சினை ஊசி போடுறவ. ஒரு தடவ என்னாச்சுன்னா..." அருமையாகத்தான் பேசினாள். வியேராவின் பசு கன்று போட முடியாமல் கிடந்த கதையைச் சொல்லும்போது, பசுவின் சொந்தக்காரியே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

வியாழக்கிழமை வண்டி வந்தது. ஒலிவியாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நல்ல பெண்தான், காலில் போட்டிருந்த வெள்ளை ஷூ மட்டும் ஊருக்கு ஆகாது. தமாரா நோன்போடு அடுப்படியில் நின்று அவர்களுக்கு உருளைக்கிழங்குப் பணியாரம் சுட்டுப் போட்டாள். கேமராக்காரன் இரண்டாம் தட்டும் வாங்கிக்கொண்டான். ஒலிவியா மட்டும் தமாராவின் செம்பட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், தலையில துணி ஏதாவது கட்டிக்குவீங்களா?"

"பள்ளிவாசல்ல கட்டுவேன்."

"இப்ப கட்டிக்க முடியுமா? பாக்குறவங்களுக்குக் கொஞ்சம் புரியும்."

"அடுப்படியிலயா? எதுக்கும்மா?"

அந்தப் பெண் சங்கடமாகச் சிரித்தாள். சரி, மாவு தேய்ப்பதைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறோம் என்றாள். தமாரா மாவைத் தேய்த்தாள். எடுத்துக்கொண்டார்கள். பிறகு நாற்காலியில் உட்காரவைத்து முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டு, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள்.

தமாரா வாயைத் திறந்தாள். "நாங்கள் தத்தார்கள்" என்றது வாய். "முன்னூறு வருஷத்துக்கு மேலாக இந்த மண்ணில் வாழ்கிறோம்."

அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. அரசர் வந்தார், குதிரைப்படை வந்தது, ஒவ்வொரு போராக வரிசைகட்டி வந்தது. யாரும் கேட்காமலேயே எதையோ வன்மையாகக் கண்டித்தாள். மாடு ஒன்றுகூட வரவில்லை. நாற்பது நிமிஷம் பேசி முடித்ததும் விளக்கை அணைத்தார்கள். ஒலிவியா மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வெளியே போனாள். போகிறவர்கள் பள்ளிவாசல் வேலியோரம் வியேராவோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பதைத் தமாரா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வழி கேட்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள்.

இருந்தாலும் மனசு விடுமா? நாற்பது நிமிஷத்தில் எங்காவது இரண்டு வாக்கியம் மனுஷத்தனமாக வந்திருக்கும், கெட்டிக்காரப் பெண், அதைப் பிடித்துப் போட்டுவிடுவாள் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஜெமீலாவுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பினாள்: நாளைக்கு அந்த நிகழ்ச்சியைப் பார். பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நோன்பு திறந்து முடித்ததும் எல்லோரும் தமாரா வீட்டில் கூடினார்கள். பெகீர் வந்தார். வியேரா தன் கணவன் மிகோவாயோடு, வேகவைத்த அவரையும் பீட்ரூட்டும் ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த வருஷம் எங்கள் நோன்பும் அவர்களுடைய ஈஸ்டர் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. நாங்கள் பகலில் சாப்பிடுவதில்லை, அவர்கள் இறைச்சி, முட்டை, பால் எதையும் ஏழு வாரத்துக்குத் தொடுவதில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்தால் யாருக்கு எது ஆகாது என்று கணக்குப் பார்ப்பதற்குள் சூப் ஆறிவிடும்.

ஸ்டுடியோவில் நாலு பேர் வழக்கம்போலக் கத்தி முடித்ததும் ஓல்ஷினி வந்தது. பள்ளிவாசல் வந்தது. அதன் கதவைத் திறந்துகொண்டு, பூப்போட்ட துணியைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டு, கையில் வாளியோடு, வியேரா வெளியே வந்தாள். கீழே எழுத்து ஓடியது: வியேரா, முஸ்லிம் பெண், ஓல்ஷினி.

"ஆண்டவரே" என்றாள் வியேரா, சட்டியைப் பிடித்துக்கொண்டு.

"நீங்க நோன்பு இருக்கீங்களா?" என்று திரையில் ஒலிவியா கேட்டாள்.

"இருக்காம?" என்றாள் திரையிலிருந்த வியேரா. "இறைச்சி இல்ல, முட்டை இல்ல, ஒரு சொட்டுப் பால் இல்ல. எங்க வீட்டுக்காரருதான் கொட்டகைக்குள்ள போயி திருட்டுத்தனமா தொத்திறைச்சி திங்கிறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு."

மிகோவாயின் காது சிவந்தது.

"பன்றி இறைச்சி சாப்பிடுவீங்களா?"

"இப்பவா? நெனச்சுப் பாத்தாலே பாவம்."

"தலையில துணி கட்டணும்னு கணவர் வற்புறுத்துவாரா?"

"அவரா? அவரு தொப்பி எங்க இருக்குன்னே நான்தான் தேடிக் குடுக்கணும். காத்து காதுல போகுது, கட்டுறேன்."

"இங்க வாழ பயமா இருக்கா?"

"இருக்கு. காட்டுப்பன்னி. போன வருஷம் உருளைக்கிழங்கு அம்புட்டையும் நோண்டிட்டுப் போயிடுச்சு. அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டோம், ஒரு பதில் இல்ல. நீங்க டிவியில சொல்லுவீங்களா?"

பெகீர் சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினார். திரையில் ஒலிவியா குரலைத் தாழ்த்திக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டாள். முஸ்லிம்களோடு சேர்ந்து வாழவே முடியாது என்று சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

வியேரா வாளியைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா அப்படி? அவங்கள இங்க அனுப்பு. என் மாடு கன்னு போட முடியாம கெடந்துச்சு. கன்னு குறுக்கால திரும்பிக்கிச்சு. இடுப்பளவு பனி, வண்டி வராது. எங்க தமாரா வேற ஊருல வேலையா இருந்தவ, அங்கேருந்து ஏழு கிலோமீட்டர் நடந்து வந்தா. தோள் வரைக்கும் கையை உள்ள விட்டுத் திருப்பினா, மூணு மணி நேரம். ஒரு வாய் தண்ணி குடின்னேன், மாட்டேன்னுட்டா. சேந்து வாழறதுன்னா வேற என்னம்மா?"

அந்த இடத்தில் தமாரா வந்தாள். முகம் சரியாகக்கூடத் தெரியவில்லை, மாவு தேய்க்கும் இரண்டு கைகள், மூன்று விநாடி. வார்சாவில் எவனோ உட்கார்ந்து வெட்டி ஒட்டியிருக்கிறான். கீழே எழுத்து: தமாரா, அண்டை வீட்டுக்காரர். பின்னணியில் ஒரு குரல், தன் போலந்து அண்டை வீட்டாரை நன்றியோடு நினைத்துப் பார்க்கிறார் இந்த முஸ்லிம் பெண் என்றது.

பெகீர் மடியில் வைத்திருந்த தொப்பி தரையில் விழுந்தது, குனிந்து எடுக்க முடியாமல் சிரித்தார். மிகோவாய் மெதுவாகக் கேட்டார், "அப்ப நான் நாப்பத்தோரு வருஷமா ஒரு முஸ்லிம் பொம்பளகூடவா குடும்பம் நடத்துறேன்?" வியேரா முந்தானை மாதிரி ஏப்ரனை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

தமாரா சிரிக்கவில்லை. எழுந்துபோய் டிவியை அணைத்தாள். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"அடியே, அந்தப் பொண்ணு கேட்டுச்சு, நான் சொன்னேன். முஸ்லிமான்னு அது கேக்கவே இல்லியே..."

"போன்னு சொன்னேன்."

அவளுக்கு அன்று வந்த கோபத்துக்கு மூன்று நாலு பேர் ஆளாகியிருந்தார்கள். ஒலிவியாமேல் கோபம், எழுத்துப் போட்டவன்மேல் கோபம், வியேராமேல் கொள்ளைக் கோபம். ஆனால் உண்மையைச் சொன்னால், எல்லாவற்றையும்விடத் தன் வாய்மேல்தான். மகள் பார்க்க வேண்டும் என்று ஏழு நாள் சேர்த்து வைத்த பேச்சை, ஒத்திகைக்குக் கரண்டி பிடித்தவள் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அதுவும் அவ்வளவு நன்றாகப் பேசிவிட்டாள். பொறாமை என்றால் பொறாமைதான், ஒளித்து என்ன ஆகப்போகிறது.

சனிக்கிழமை வியேரா வந்து வாசலிலேயே நின்றாள். கையில் பள்ளிவாசல் சாவி.

"இந்தா. என்னால உனக்குக் கஷ்டம்னா எனக்கு இது வேண்டாம்."

தமாரா வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

வியேரா போகாமல் நின்றாள். "நேத்திக்கு வந்ததை நெட்டுல போட்டு, அதுக்குக் கீழ ஜனங்க என்னென்னவோ எழுதிருக்காங்களாம். அவரு போன்ல படிச்சுக் காட்டினாரு. மூட்டையைக் கட்டிக்கிட்டு உன் நாட்டுக்குப் போன்னு எழுதிருக்கான் ஒருத்தன். எந்த நாட்டுக்குடி போகச் சொல்றான்? நான் பக்கத்து ஊருக்குப் போயே நாலு மாசம் ஆச்சு." சொல்லிவிட்டு அவளே சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "இன்னும் அசிங்கமாவும் இருந்துச்சு. அதெல்லாம் அவரு படிக்காம தாண்டிட்டாரு. உனக்கும் இப்படி வருமா?"

"வரும்."

"எப்பலேருந்து?"

"எப்பவும்தான்."

"எதிர் வீட்டுல இருக்கேன், ஒரு நாள்கூட சொல்லலையேடி."

"சொல்லி என்ன ஆகப்போகுது."

வியேரா தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனாள். கூப்பிட வேண்டும் என்று தமாராவுக்கு இருந்தது. மகளைக் கூப்பிட எழாத அதே நாக்கு இதற்கும் எழவில்லை. ஞாயிறு முழுக்கச் சாவி மேசைமேல் கிடந்தது.

திங்கட்கிழமை பொழுது சாயும் நேரம், தமாரா மேசையில் ஒரு தம்ளர் தண்ணீரும் சூப்பும் எடுத்து வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள். நேரமாகிவிட்டது, தம்ளரைக் கையில் எடுத்தாள். போன் அடித்தது.

"அம்மா" என்றாள் ஜெமீலா. "வியேரா அத்தை எப்ப மதம் மாறினாங்க?"

"பாத்தியா?"

"வெள்ளிக்கிழமை பாக்கலம்மா. நீ பாருன்னு அனுப்பினதால பாக்கல. நீயும் மாமா மாதிரிதான் நிப்பேன்னு நெனச்சேன். இன்னிக்கு ஆபீஸ்ல மத்தியானம் எல்லாரும் போன்ல அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. ஊரெல்லாம் சுத்துது அது. ஒருத்தன் சொல்றான், பாரு பாவம், அந்தம்மாவ ஒரு சொட்டுப் பால்கூட குடுக்காமப் பட்டினி வச்சிருக்கானுங்கன்னு. இன்னொருத்தி, இதுங்களுக்கு சொந்தமா யோசிக்கவே தெரியாதுங்கிறா."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்ல. தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் அத்தை அந்த மாட்டுக் கதையைச் சொன்னாங்க. உன் பேரைச் சொன்னாங்க. உன் கை வந்துச்சு. முகம்கூட இல்ல, கை மட்டும். கீழ அண்டை வீட்டுக்காரர்னு போட்டிருந்தான்." ஜெமீலா மூச்சு வாங்கினாள். "அதுக்கு மேல முடியலம்மா. எந்திரிச்சு நின்னுட்டேன். அவங்க வியேரா அத்தை, சர்ச்சுக்குப் போறவங்க. அந்தக் கை இருக்கே, அது எங்கம்மா. அவங்கதான் முஸ்லிம். நானும்தான்னு சொன்னேன்."

தமாரா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்புறம்?"

"பக்கத்து மேசைப் பொண்ணு கேட்டா, அப்ப வருஷா வருஷம் ஒரு மாசம் டயட்டுன்னு சொல்லிட்டு மத்தியானம் சாப்பிடாம உக்காந்திருப்பியே, அது இதுதானான்னு."

"நோன்பு வைக்கிறியா?"

"வைக்காம?"

மூன்று வருஷமாக, மகள் எல்லாவற்றையும் உதறிவிட்டாள் என்று நினைத்து இங்கே ஒருத்தி தனியாகச் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒருத்தி டயட் என்று பொய் சொல்லிக்கொண்டு, வாடகை அறையில் யாரும் இல்லாமல் நோன்பு திறந்துகொண்டிருந்தாள். இந்த வீட்டில் பொம்பளைகளுக்கு வாய் இருந்து என்ன பிரயோஜனம்.

"இப்ப திறந்துட்டியா?"

"இல்லம்மா, பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். கையில ஆப்பிள் இருக்கு. இங்க இன்னும் பத்து நிமிஷம் இருக்குல்ல. உனக்கு ஆயிடுச்சே, நீ சாப்பிடு."

எங்கள் ஊர் கிழக்கு எல்லையில் இருக்கிறது, வார்சாவுக்கு முந்தியே இங்கே சூரியன் இறங்கிவிடும். தமாரா சூப்பைத் தள்ளி வைத்தாள்.

"நான் இருக்கேன். உனக்கு ஆகட்டும், சேந்து திறக்கலாம்."

பத்து நிமிஷம் இருந்தார்கள். பஸ் ஒன்று வந்தது, ஜெமீலா ஏறவில்லை.

"அன்னிக்கு பேரு விஷயத்துல நான் பேசினது தப்பு" என்றாள் தமாரா. "அது உன் வீடுடி. நீ எந்தப் பேர்ல வந்தாலும் உன் வீடு."

"நானும் ஒளிச்சிருக்கக் கூடாதும்மா. விடு." பிறகு மகளே கேட்டாள், "உன்னையும் நாப்பது நிமிஷம் எடுத்தாங்கன்னு மாமா சொன்னாரு. அரசர் கதையைச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"குதிரைப்படை?"

"அதுவும்தான்."

இருவரும் சிரித்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் மகள் சிரிக்கிற சத்தம் அடுப்படி முழுக்கக் கேட்டது. அப்புறம் ஜெமீலா, "ஆயிடுச்சும்மா" என்றாள். ஆப்பிளைக் கடிக்கிற சத்தம் கேட்டது. தமாரா தண்ணீரைக் குடித்தாள்.

"பெருநாளைக்கு வர்றேன்" என்றாள் மகள், வாயில் ஆப்பிளோடு.

அடுத்த நிமிஷம் தமாரா சாவியை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு தெருவைத் தாண்டினாள். வியேரா அவரைச் சட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். தமாரா சாவியை அவளுடைய ஏப்ரன் பைக்குள் போட்டாள்.

"வியாழக்கிழமை அடுப்பை நல்லா மூட்டு. என் பொண்ணு வர்றா, குளிர் தாங்க மாட்டா."

வியேரா நிமிர்ந்து பார்த்தாள். "பெருநாளைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கே. இந்த வியாழக்கிழமை மூட்டினா அது வரைக்குமா இருக்கும்?"

"மூட்டுன்னா மூட்டேன்டி."

அதற்குப் பிறகு இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுததை மிகோவாய் பார்த்தார். தொத்திறைச்சி விஷயம் மறந்துபோயிருக்கும் என்று அவருக்கு ஒரு நிம்மதி.

பெருநாளைக்கு முந்தைய வாரம் ஒலிவியாவிடமிருந்து போன் வந்தது. தமாரா அடுப்படியில் இருந்தாள். ஆறு அடுக்கு மாவை மெல்லிசாகத் தேய்த்து, வெண்ணெய் தடவி, இறைச்சி வைத்து நத்தை மாதிரி சுருட்டிச் சுடுவதுதான் எங்கள் பெருநாள் பலகாரம். அதற்கு முன்கூட்டியே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி இரண்டு நோன்பும் சேர்ந்து வருகிற வருஷங்களில் வியேராவுடைய பங்கு ஈஸ்டர் வரை ஃப்ரீசரில் காத்திருக்கும். இந்தத் தடவை அப்படிக் காத்திருக்க வேண்டாம் என்று, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயும் இறைச்சிக்குப் பதில் ஆப்பிளும் வைத்து ஒன்று தனியாகச் செய்வதாகப் பேச்சு. வியேராவே எதிரில் உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள்.

"மேடம், எங்க பக்கம் ரொம்பப் பெரிய தப்பு நடந்துபோச்சு" என்றாள் ஒலிவியா. குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. "அதைச் சரி பண்ணணும். நீங்க ஸ்டுடியோவுக்கு வரணும். நேரலை, பத்து நிமிஷம் முழுசா உங்களுக்கு மட்டும். வெட்ட மாட்டோம். தலையில துணியும் வேண்டாம். என்ன வேணும்னாலும் பேசுங்க. வர்ற புதன்கிழமை, நாங்களே கார் அனுப்புறோம்."

தமாரா மாவுக் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். புதன்கிழமை பெருநாள்.

"அன்னிக்கு எனக்கு வேலை இருக்கும்மா. வேணும்னா வியேராவைக் கூப்பிடு, அவ நல்லாப் பேசுவா."

வியேரா கத்தியைக் காட்டி மிரட்டினாள்.

"மேடம், யோசிச்சுச் சொல்லுங்க. நாடே பாக்கும்."

"நீ நல்ல பொண்ணு, உன்மேல எனக்குக் கோபம் இல்ல. இன்னொரு நாள் வா, பணியாரம் சுட்டுத் தர்றேன், மாட்டைப் பத்திப் பேசலாம்" என்றாள் தமாரா. "ஆனா புதன்கிழமை முடியாது. நான் பேசி யாரு பாக்கணும்னு நெனச்சேனோ, அவ அன்னிக்கு இங்க இருப்பா."

போனை வைத்துவிட்டு மூன்றாவது அடுக்கைத் தேய்க்க ஆரம்பித்தாள்.